ஐந்தடி குறைந்த வீடு

எங்கள் வீடு பிறக்கும்போது வீடாகப் பிறக்கவில்லை. வலை வைக்கிற கொட்டகையாகப் பிறந்தது. என் மாமனார் நல்ல மீன்பாடு இருந்த ஒரு காலத்தில் அதைச் செங்கல்லில் கட்டி, பனங்கைச் சட்டம் போட்டு, நாட்டு ஓடு வேய்ந்தார். ஜன்னல் கிடையாது. வலைக்கு எதற்கு ஜன்னல்? ஒரே கதவு. வலைச் சுமையைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்கள் சேர்ந்து நுழைகிற அகலம். சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் அப்போது முக்கால்வாசி ஓலைக் குடிசைதான். நூல் வலைகள் ஓட்டுக்குக் கீழே தூங்கின, வீட்டு மனுஷர்கள் ஓலைக்குக் கீழே தூங்கினார்கள். கேட்டால் மாமனார், "வலை நனைஞ்சா சோறு கெடையாது. நீங்க நனைஞ்சா தொவட்டிக்கலாம்" என்பாராம். நான் மருமகளாக வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். இருந்திருந்தால் இதற்கு நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு நைலான் வலை வந்தது. நனைந்தாலும் மக்காத வலைக்குக் கொட்டகை எதற்கு என்று அதை மணலிலேயே போட ஆரம்பித்தார்கள். கொட்டகையில் எலியும் பழைய கயிறும் மட்டும் மிச்சம். அண்ணன் தம்பி இருவரும் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது அண்ணனுக்கு வீடு, தம்பிக்குக் கொட்டகையும் அதன் பின்னால் தாழம்புதர் வரைக்கும் உள்ள மணலும் என்று முடிவானது. அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர். கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தார். அவர் எதற்கும் தலையாட்டுவார். அதனால்தான் கடவுள் எனக்கு இந்த வாயைக் கொடுத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

நாங்கள் கரையோரம் குடிசை போட்டிருந்தோம். ஒரு கார்த்திகை மழையில் கடல் ஏறிவந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பானை சட்டி போனது, என் கல்யாணப் பாய் போனது. கைக்குழந்தையோடு மூத்தார் வீட்டில், அதாவது என் கணவரின் அண்ணன் வீட்டில், போய் ஒண்டினோம்.

மூத்தார் கெட்டவர் இல்லை. அவர் மனைவி, என் ஓரகத்தி, அவளும் கெட்டவள் இல்லை. ஆனால் ஒரே அடுப்பு. என் குழம்பில் புளி அதிகம் என்பாள் அவள். அவள் குழம்பில் உப்பே இல்லை என்பேன் நான். இரண்டுமே உண்மை. குழந்தைக்குப் பால் காய்ச்சக்கூட அவள் சோறு வடித்து இறக்கும்வரை நிற்க வேண்டும். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து என்னைப் பார்க்க வந்த என் அம்மா, நான் அடுப்புக்குக் காத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "எலி வளையானாலும் தனி வளை வேணும்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். எலி வளை ஒன்று எங்களுக்குச் சொந்தமாகவே இருந்தது. நிஜமான எலிகளோடு.

நான் கொட்டகையில் குடிபோகலாம் என்று சொன்னபோதுதான் இறால் குறுக்கே வந்தது. அந்தச் சமயத்தில்தான் இறாலுக்கு மவுசு வந்திருந்தது. கருவாட்டோடு கருவாடாகக் கிடந்த இறால், ஐஸில் படுத்து மெட்ராஸ் போய்க் கப்பல் ஏறத் தொடங்கிய காலம். இறால் வாங்குகிற ஏஜென்ட் ஒருவன் எங்கள் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தான். செங்கல் சுவர், ஜன்னல் இல்லை, வெயில் ஏறாது. ஐஸ் பெட்டி வைக்க அதைவிட நல்ல இடம் அந்தக் கரையில் கிடையாது.

மூத்தாருக்கு அது பிடித்துப்போனது. "ஐஸ் பொட்டி வெச்சா மாசா மாசம் தம்பிக்கு வாடகை வருது. இதுங்க இங்கியே இருந்துட்டுப் போவட்டும், யாரு வேணான்னது?" என்றார். நியாயமாகத்தான் பேசினார். என் அடுப்பு மட்டும் அந்த நியாயத்தில் இல்லை.

ஒருநாள் காலையில் ஆண்கள் கடலுக்குப் போயிருந்தபோது, நான் இரண்டு பானையும் குழந்தையுமாகக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். எலிகளைத் துரத்தினேன். மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். என் வீட்டுக்காரர் கரைக்கு வந்து, புகை வருவதைப் பார்த்துவிட்டு, கொட்டகை தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார். உள்ளே நான் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். "இன்னாமே இது?" என்றார். "சோறு துன்றீங்களா?" என்றேன். சாப்பிட்டார்.

இந்த ராஜ்ஜியம் அதிக நாள் ஓடவில்லை. பஞ்சாயத்து குமாஸ்தா வந்து நின்றார். யாராவது போய்ச் சொல்லியிருப்பார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரித்து என்ன ஆகப்போகிறது? பக்கத்தில் பெரிய கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் அதிகாரிகள் கரை முழுக்க நடமாடினார்கள், எல்லாரும் சட்டம் பேசினார்கள். குமாஸ்தா சொன்னார்:

"இது ரிக்கார்டுல கொட்டகைம்மா. குடியிருக்கணும்னா பிளான் போட்டு அப்ரூவல் வாங்கணும். அப்ரூவல் இல்லாம கதவு எண் கிடையாது, ரேஷன் கார்டும் கிடையாது. வாங்கலன்னா காலி பண்ணிடணும்."

அன்று சாயங்காலம் மூத்தார் வந்தார். எப்போதும்போல நேரே உள்ளே வந்து, கயிற்று மூட்டைமேல் உட்கார்ந்தார். அண்ணனும் தம்பியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அப்ரூவல் வந்தால் நாங்கள் இருக்கலாம். வராவிட்டால் கொட்டகை இறால்காரனுக்கு, நாங்கள் மறுபடி மூத்தார் வீட்டுக்கு. என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலையாட்டினார். ஆக, கவர்மெண்ட்டு சரி என்றால் எனக்கு அடுப்பு, இல்லை என்றால் இறாலுக்கு ஐஸ். விஷயம் இவ்வளவுதான்.

பிளான் போடுகிறவர் செங்கல்பட்டில் இருந்தார். அளவு கொண்டுவரச் சொன்னார்கள். அகலத்துக்குக் கவலை இல்லை. குறுக்கே போட்ட பனங்கையை வாங்கும்போதே அடிக் கணக்கில் வாங்கியது, எல்லாருக்கும் தெரியும். நீளத்தை அளக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சுவரோரம் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, நெஞ்சைச் சுவரில் ஒட்டி, ஒரு பாகம், இரண்டு பாகம் என்று நகர்ந்துகொண்டே போனார். எங்கள் ஆட்கள் கயிற்றை அப்படித்தான் அளப்பார்கள், கடல் ஆழத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். விரித்த கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஒரு பாகம். கொட்டகை சரியாக ஆறு பாகம் வந்தது. நான் எட்டாவது படித்தவள், காகிதத்தில் எழுதிக்கொண்டேன். சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிற மனுஷனைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ். மீன்காரி என்று தெரிந்தால் கண்டக்டர் கடைசி சீட்டுக்குத் தள்ளுவான். அன்று நான் கூடை இல்லாமல், தலைக்கு எண்ணெய் வைத்துப் பூ வைத்துக்கொண்டு, முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் மூக்கைச் சுருக்கிப் பார்த்தான், வாசனை வரவில்லை போலிருக்கிறது. ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும்போது, ஆபீசில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டு போனேன்.

பிளான்காரர் கோர்ட்டுப் பக்கம் ஒரு மாடியறையில் இருந்தார். காதில் பென்சில். நான் காகிதத்தைக் கொடுத்தேன்.

"பாகம்னு போட்டிருக்கியே, அது எத்தனை அடிம்மா?"

"ஆறடி சார்."

பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். கப்பல்காரன் பாகம் ஆறடி. எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் ஆறடி என்றுதான் சொல்வார்கள். அவர் கூட்டிப் பெருக்கி எழுதிக்கொண்டார். பிறகு பென்சிலைத் தாளில் வைத்து, "படுக்கறது எங்க? ஜன்னல் எந்தப் பக்கம்? அடுப்பு எங்க வரணும்?" என்று கேட்டார்.

அடுப்பு எங்கே வரவேண்டும் என்று அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னைக் கேட்டதில்லை. அம்மா வீட்டில் அம்மா அடுப்பு, குடிசையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கவில்லையோ அந்தப் பக்கம், மூத்தார் வீட்டில் ஓரகத்தி அடுப்பு. "பின்னாடி சார், கடைசில. ஒரு தடுப்பு வெச்சு, தனியா. தாழம்புதர் பக்கம் ஜன்னல்" என்றேன். அவர் கோடு போட்டார். "அடுப்படி தனியா இருந்தாத்தான்மா வீடுன்னு ஒத்துக்குவாங்க. நல்லதாப் போச்சு" என்றார்.

சில நாள் கழித்து மறுபடி போனேன். பிளான் நீலத் தாளில், மூக்கைத் துளைக்கிற மருந்து வாசனையோடு வந்திருந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடுகள். ஒரு மூலையில் சின்னக் கட்டம். அதில் 'சமையல்' என்று எழுதியிருந்தது. ஆபீசில் ஒரு படியைக் கொடுத்துவிட்டு, இன்னொரு படியை மடிக்கக்கூட மனசு வராமல் சுருட்டிக்கொண்டு வந்தேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அங்கே நான் காத்திருந்த பெஞ்சியில் இருந்த மூட்டைப்பூச்சிகளின் மானம் போக வேண்டாம்.

ஓரகத்தியிடம்தான் முதலில் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கட்டத்தில் விரலை வைத்து, "இது இன்னாடி?" என்றாள்.

"அதாங்க்கா அடுப்படி."

"இம்மாம் பெருசா?" என்றாள். அன்று அவள் கொடுத்தனுப்பிய குழம்பில் வழக்கமாக இருக்கிற துளி உப்பும் இல்லை.

ஓவர்சியர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. குடையும், தோல் உறைக்குள் சுருட்டிவைத்த டேப்புமாக பஸ்ஸிலிருந்து இறங்கி மணலில் நடந்துவந்தார். குப்பமே கூடிவிட்டது. மூத்தார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இறால் ஏஜென்ட்டும் வந்திருந்தான். அவனுக்கு அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை, பார்வையால் கேட்டேன்.

அகலம் சரியாக இருந்தது. நீளத்துக்கு டேப்பைப் பிடித்தார். நீலத் தாளைப் பார்த்தார். திரும்பப் பிடித்தார். அந்த முனையில் இருந்த ஆளை டேப்பைச் சரியாக இழுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அஞ்சடி குறையுதேம்மா. யாரு அளந்தது?"

என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, "நான்தான் சார்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஓவர்சியர் ஒரு கணம் பார்த்தார். டேப்பை எடுத்து அவருடைய இந்தக் கை நுனியிலிருந்து அந்தக் கை நுனிவரை பிடித்தார். ஆறடிக்கு முக்கால் அடிக்கு மேல் குறைந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் அவ்வளவு குறைந்தால், ஆறு பாகத்தில் ஐந்தடி காணாமல் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் குள்ளம். அது எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்றே தெரியும். ஆனால் பாகம் என்றால் பாகம். கடலில் இதனால் ஒரு தப்பும் வராது. அவர் கயிற்றை அவர் கையால் அளக்கிறார், ஆழத்தையும் அதே கையால் அளக்கிறார். கயிறு தரையைத் தொடும். அடுத்தவன் கை நீளமா குட்டையா என்ற கேள்வியே எங்கள் பிழைப்பில் வந்ததில்லை. செங்கல்பட்டுக்குப் போய்த்தான் வந்தது.

குப்பம் சிரித்தது. மூத்தார் ஆறடி ஆள், பனைமரம் மாதிரி. அவர் சிரித்துக்கொண்டே, "என்னை அளக்கச் சொல்லிருந்தா சரியா வந்திருக்குமே" என்றார். ஏஜென்ட் அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தான். என் வீட்டுக்காரர் விரித்த கையை மடக்க மறந்து அப்படியே நின்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இந்தக் கையிதான்யா கடல்ல வலை இயுக்குது. இந்தக் கையிதான் எனக்குச் சோறு போடுது. சிரிக்கறவன் வூட்டுக்குப் போயி சிரி" என்று கத்தினேன். கூட்டம் அடங்கியது. என் வீட்டுக்காரர் கையை மடக்கினார்.

ஓவர்சியர் பொறுமைசாலி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிலவரத்தைச் சொன்னார். பிளானைத் திருத்தி எழுதிப் பயனில்லை. கொட்டகை ஒடுக்கம், உள்ள நீளத்துக்குப் பிளான் போட்டால் சட்டப்படி படுக்கிற இடத்துக்கு விட்டது போகத் தனி அடுப்படிக்கு இடம் இருக்காது. அடுப்படி இல்லாத இடத்தை வீடு என்று அவரால் எழுத முடியாது. அந்த ஐந்தடியில்தான் என் அடுப்பு இருந்தது. காகிதத்தில் இருந்தது, தரையில் இல்லை.

நான் கொட்டகையின் பின்சுவரைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் எங்கள் மணல். அதற்கப்பால் தாழம்புதர்.

"பிளானைத் திருத்த வேணாம் சார். கொட்டாயத் திருத்திடறேன்" என்றேன்.

அவர் குடையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். "ஊர்ல எல்லாரும் கட்டடத்துக்கு ஏத்த மாதிரி பிளான் போடுவாங்க. நீ பிளானுக்கு ஏத்த மாதிரி கட்டடம் கட்டறேங்கறியா?"

"ஆமா சார்."

"பொங்கல் முடிஞ்சு இந்தப் பக்கம் வருவேன். அதுக்குள்ள முடிச்சாச் சரி. இல்லன்னா ஃபைலை மூடிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்சுவரை இடித்து அந்தக் கல்லையே ஐந்தடி தள்ளிக் கட்டிவிடலாம். பக்கச் சுவர்களை நீட்டத்தான் புதுக்கல் வேண்டும். அப்போது ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். ஒருவன், "எதுக்குப் பேஜாரு? டச்சுக்காரன் கோட்டைல கல்லு சும்மாத்தான் கொட்டிக் கீது. நாலு நடை போனா வூடே கட்டிடலாம்" என்றான். எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். நான் மாட்டேன் என்றேன். செத்தவன் கோட்டைக் கல்லில் என் அடுப்பு எரிய வேண்டாம். அதைவிட, எந்தச் சுவரைக் காட்டியும் எவனும் 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்கக் கூடாது. திருக்கழுக்குன்றம் பக்கத்துச் சூளையிலிருந்து கல் வந்தது. மாட்டு வண்டி மணலுக்கு வெளியே நின்றுவிட்டது. என்னோடு மீன் விற்கிற பெண்கள் மீன்கூடையில் கல்லை அடுக்கித் தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார்கள். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள், ஆனால் ஒருத்திகூட நிற்கவில்லை.

சிமெண்ட்டுக்கு அந்தக் காலத்தில் பெர்மிட் வேண்டும். இன்னொரு ஆபீஸ், இன்னொரு பெஞ்சி, இன்னும் மூட்டைப்பூச்சி. நமக்கு எதற்கு? கடல் கரையில் கிளிஞ்சலைக் கொட்டிவைத்திருக்கிறது. பொறுக்கி, சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, சுண்ணாம்பு பண்ணினோம். என் உள்ளங்கை வெந்து தோல் உரிந்தது. குழந்தையைத் தூக்கும்போது எரியும். அதையும் சந்தோஷமாகத்தான் பட்டேன்.

ஆள் வேண்டுமே, அதற்கு என் வீட்டுக்காரர் வழி கண்டுபிடித்தார். தலையாட்டுகிற மனுஷன் என்று நான் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் கரையில் பெரிய வலை இழுக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவன் யாராக இருந்தாலும், வழியில் போனவனாக இருந்தாலும், அவனுக்கு மீனில் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். இவர் போய்க் கரையில் நின்று, "நம்ம செவுத்துல கை வெச்சவனுக்கெல்லாம் வர்ற மீன்பாட்டுல என் பங்குலேர்ந்து பங்கு" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வலை இழுக்கிற கூட்டம் அப்படியே சுவருக்கு வந்துவிட்டது. பழைய பின்சுவர் ஒரு காலைப்பொழுதில் கீழே இறங்கியது. பனங்கையைத் தூக்கும்போது வலை இழுக்கிற அதே சத்தத்தைப் போட்டார்கள், அது பாட்டுக்கு ஏறிவிட்டது. மூத்தார் மட்டும் வரவில்லை. ஓரகத்தி வந்தாள். ஒரு பானை கூழைக் கொண்டுவந்து இறக்கிவைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மணல் சுமந்தாள். நான் அவளைப் பார்த்தேன். "இன்னா பாக்கற? உன் புளிக்கொயம்பு என் வூட்டுக்குத் திரும்பி வராம இருந்தாப் போதும்" என்றாள்.

இந்தத் தடவை கையால் அளக்கவில்லை. கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த பாயிடம் போய் இன்ச் டேப்பு கேட்டேன். "என் டேப்பு சட்டைக்கு எடுக்கறது தங்கச்சி, செவுத்துக்கு இல்ல" என்றார். ஆனாலும் வெள்ளிக்கிழமை கடை சாத்தியபோது கொடுத்தார். டேப்பு மொத்தமே ஐந்தடி நீளம். எங்களுக்குக் குறைந்ததும் அதே ஐந்தடி. பழைய சுவர் இருந்த இடத்தில் ஒரு முனையை என் வீட்டுக்காரர் பிடிக்க, மறு முனையை நான் பிடித்து மணலில் முளை அடித்தேன். இதுதான் என் அடுப்படி, ஒரு சட்டை டேப்பு நீளம்.

பொங்கல் கழிந்து ஓவர்சியர் வந்தார். வெயில். அவர் களைத்துப்போயிருந்தார், தண்ணீர் கேட்டார். புது அடுப்படியிலிருந்துதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு உள்ளே வந்தார். சுண்ணாம்புச் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. தடுப்பைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து தாழம்புதரைப் பார்த்தார். சுண்ணாம்பில் வெந்த என் கையையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் முகம் இளகியது. தோல் உறையைத் திறக்கவே இல்லை.

"நல்லா கட்டியிருக்கம்மா. அளக்க வேணாம். நான் எழுதிடறேன்" என்றார்.

வெளியே குப்பம் நின்றிருந்தது. மூத்தார் நின்றிருந்தார். ஏஜென்ட்டும்கூட.

"அளங்க சார்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "வாய மூடுமே. காரியம் பெருசா வீரியம் பெருசா?" என்று பல்லைக் கடித்தார். ஊரில் எல்லாரும் சொல்கிற பழமொழிதான், நியாயமான பழமொழிதான். அளந்து அரையடி குறைந்தால் எல்லாம் போச்சு. அடுப்பு போச்சு, வீடு போச்சு, வெந்த கை மிச்சம். நான் முழங்கையை விடுவித்துக்கொண்டேன்.

"பாவம்னு எய்திக் குடுத்தாருன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது சார். டேப்ப எடுத்து அளங்க. எல்லாரும் பாக்கட்டும்."

ஓவர்சியர் சிரிக்கவில்லை. உறையைத் திறந்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்தார். நான் வாசல் பக்கச் சுவரில் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் டேப்பை விட்டுக்கொண்டே நடந்தார், தடுப்பைத் தாண்டி அடுப்படிக்குள் போனார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"சரியா இருக்கு. ஒரு விரக்கடை கூடவே இருக்கு."

"அத்த வெச்சுக்கினு நான் இன்னா பண்றது சார்? நீங்களே எடுத்துக்கினு போங்க" என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார். குப்பமும் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. என் வீட்டுக்காரர் வெளியே போய்க் கூட்டத்தின் முன்னால், காரணமே இல்லாமல், இரண்டு கையையும் விரித்துச் சோம்பல் முறித்தார். அந்தக் கர்வத்தை நான் மனசாரக் கொடுத்தேன். அவர் பங்கைக் கொடுத்துக் கூப்பிட்ட ஆட்கள் கட்டிய சுவர் அது.

ஏஜென்ட் வேறு இடம் பார்க்கப் போய்விட்டான். நீலத் தாள் ஆபீஸ் முத்திரையோடு திரும்பி வந்தது. குமாஸ்தா ஆள் அனுப்பிக் கதவில் தார் மையால் எண் எழுதவைத்தார். எழுதுகிறவன் கோணலாக எழுதினான். அழித்து நேராக எழுதச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். பால் காய்ச்சினோம். ரேஷன் கார்டு வந்தது. இருந்தும் குப்பத்தில் பாதிப் பேர் அதைக் கொட்டாய் என்றுதான் சொன்னார்கள். "கொட்டாய்க்காரி வர்றா" என்பார்கள் என்னை. கவர்மெண்ட்டு எழுதிவிட்டது, ஊர் இன்னும் எழுதவில்லை.

மாசியில் ஒரு காலை. நான் அடுப்படியில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன். வாசலில் ஒரு குரல் கேட்டது.

"வூட்ல யாரு?"

மூத்தார் குரல். எனக்குப் புரியவில்லை. அவர் தம்பி இருக்கிற இடத்துக்கு அவர் என்றைக்குக் குரல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்? குடிசையில் இருந்தபோதும் சரி, கொட்டகைக்கு வந்த பிறகும் சரி, நேரே உள்ளே வந்து உட்காருவார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனேன்.

கதவுக்கு வெளியே, நிலைப்படியைத் தாண்டாமல் அவர் நின்றிருந்தார். பக்கத்தில் ஓரகத்தி, புடவை மாற்றிக்கொண்டு, கையில் தட்டோடு. தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ. அவர்கள் சின்னப் பெண்ணுக்குக் காது குத்து.

எங்கள் குப்பத்தில் வெற்றிலை பாக்கு ஓர் அடுப்புக்கு ஒன்று. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களுக்கு யாரும் அழைப்பு வைக்க மாட்டார்கள், அவர்களும் சேர்ந்துதான் ஊரை அழைப்பார்கள். தனி அடுப்பு, தனி வீடு என்று ஏற்றுக்கொண்டவர்களுக்குத்தான் வாசலில் நின்று தட்டு நீட்டுவது.

"உள்ள வாங்க மாமா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். அவர் உள்ளே வந்தார். நான் பாய் போட்டேன், அவர் உட்காரவில்லை. ஓரகத்தி தட்டை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"குடும்பத்தோட வந்துடணும்" என்றார் மூத்தார், ஊரில் எல்லாரிடமும் சொல்வதுபோலவே.

"உக்காருங்க மாமா, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

"இல்லம்மா. இன்னும் நெறைய வூட்டுக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.